பூவரசை வெட்ட வேண்டாம், தண்ணீரை மாற்றுங்கள்

மண்டபத்துக்கு மேற்கே, மன்னார் வளைகுடாவைப் பார்த்த ஒரு கடலோர ஊரிலிருந்து 58 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் விட்டுவிட்டுச் சாரத்தை மட்டும் தருகிறேன்.

அவர் பிறந்தது நாகர்கோவில் பக்கம். போன வருடம் அம்மா காலமான பிறகு அந்த வீட்டை விற்றுவிட்டார்கள். சாவியைக் கொடுக்கப் போன அன்று, வாசலில் வேலிபோல நின்ற சிவப்புத் தெச்சிக்கு அடியில் வேர்விட்டிருந்த நான்கு கன்றுகளை மண்ணோடு பெயர்த்துக் கொண்டுவந்தார். (இராமநாதபுரம் பக்கம் இதையே இட்லிப்பூ என்பார்கள். இலக்கியத்தில் இதன் பெயர் வெட்சி.) வீட்டின் வடக்குப் பக்கம் சுவரிலிருந்து இரண்டடி தள்ளி வரிசையாக நட்டார். மேற்கே பெரிய பூவரசு நிற்பதால் மதியத்துக்கு மேல் அங்கே நிழல்தான். ஒரு வருடத்துக்குள் இரண்டு கன்று பட்டுப்போயின. மீதி இரண்டில் “தளிர் எல்லாம் எலுமிச்சை மஞ்சள், நரம்பு மட்டும் பச்சைக் கோடு போட்டதுபோல. பழைய இலைகள் ஓரம் கருகி முறுக்கிக்கொள்கின்றன” என்கிறார்.

கவனிக்காமல் விட்டவர் இல்லை. அடுப்புச் சாம்பல் போட்டார், முட்டை ஓடு இடித்துப் போட்டார், மாதம் ஒரு கை டி.ஏ.பி. உரம் வைத்தார். போர்வெல் உப்பு என்பதால், வீட்டு ஆர்.ஓ. இயந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் தினமும் ஒரு குடம் ஊற்றினார். பாத்தியைச் சுற்றிக் கடற்கரையில் பொறுக்கிய பவளக் கற்களை அழகுக்கு அடுக்கியிருக்கிறார். “நிழல்தான் காரணம், பூவரசை வெட்டிவிடலாம்” என்கிறாராம் கணவர். கொடைக்கானலில் பார்த்த ஹைட்ரேஞ்சியாவை வைக்கச் சொல்கிறாள் மகள். பக்கத்து வீட்டில், இந்த மண்ணுக்கு அரளியைத் தவிர எதுவும் நிற்காது என்கிறார்கள். “எங்கம்மா வீட்டுச் செடி இங்கே பிழைக்குமா ஐயா? பிழைக்காதென்றால் அதையாவது சொல்லிவிடுங்கள்” என்று முடித்திருக்கிறார்.

அம்மா, பிழைக்கும். ஆனால் இப்போது நிற்கிற இடத்தில், இப்போது குடிக்கிற தண்ணீரில் பிழைக்காது. உங்கள் கணவரிடம் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: கோடரியை எடுக்க வேண்டாம். அந்தப் பூவரசு உங்கள் செடிகளுக்குக் கெடுதல் எதுவும் செய்யவில்லை.

இலை சொல்வதைக் கேளுங்கள்

நீங்கள் இலையை விவரித்த விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. நிழல் அதிகமானால் செடி மஞ்சளாவதில்லை. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, கொம்பு நெடுநெடுவென்று வளர்ந்து, இலை கரும்பச்சையாகப் பெரிதாகும், பூ குறையும். தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் அடியிலுள்ள முதிர்ந்த இலை முதலில் வெளுக்கும். உங்கள் செடியில் தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கிறது. அது இரும்புச்சத்துக் குறைவின் அடையாளம். முதிர்ந்த இலையின் ஓரம் கருகுவது வேறு கணக்கு, அது உப்பு. இரண்டு தொல்லை ஒரே செடியில் சேர்ந்திருக்கிறது.

மண்ணில் இரும்பே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். இருக்கும். சுண்ணாம்பு கலந்த கார மண்ணில் அந்த இரும்பு வேருக்குப் பிடிபடாத வடிவத்தில் இறுகிப்போகிறது, அவ்வளவுதான். வெட்சி இதில் மிகவும் நொய்ந்த செடி. பழந்தமிழர் வெட்சித் திணையைக் குறிஞ்சிக்குப் புறனாக வைத்தார்கள். பகைவரின் ஆநிரையைக் கவரப் போனவர்கள் சூடிய மலைப்பக்கத்துப் பூ அது. உங்கள் அம்மா வீட்டு மண், மலையடிவாரத்துச் செம்மண். மழையில் சுண்ணாம்பு கரைந்து போய், லேசான புளிப்புத் தன்மையோடு இருக்கும். அங்கே யாரும் ஒன்றும் செய்யாமலே தெச்சி வேலியாக நின்றது. அதைக் கொண்டுவந்து நெய்தல் மண்ணில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் ஊர்க் கடற்கரை மணலை உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். சிப்பித் தூள், சங்குச் சில்லு, பவளத் துணுக்கு என்று பாதி சுண்ணாம்பாகவே தெரியும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். செடியின் அடியிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காயவைத்து, ஒரு தட்டில் பரப்பி, அதன்மேல் ஒரு மூடி வினிகர் விடுங்கள். காதைக் கிட்டே கொண்டுபோனால் சுர்ரென்று சத்தம் கேட்கும், சிறு சிறு குமிழியாக நுரைக்கும். அப்படி நுரைத்தால் அந்த மண்ணில் சுண்ணாம்பு தாராளமாக இருக்கிறது என்று பொருள். அதைப் புளிப்பாக்கக் கந்தகம் போடுவது, எலுமிச்சை பிழிவது, மோர் ஊற்றுவது எல்லாம் நடக்காத காரியம். போடுகிற புளிப்பையெல்லாம் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும்.

இந்த நிலையில் சாம்பலும் முட்டை ஓடும் நல்லெண்ணத்தோடு செய்த தவறு. சாம்பல் காரம், முட்டை ஓடு முழுக்கச் சுண்ணாம்பு. டி.ஏ.பி.யில் இருக்கும் மணிச்சத்து (பாஸ்பரஸ்) மிஞ்சினால் செடி இரும்பை எடுப்பது இன்னும் கடினமாகும். மூன்றையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். துரு ஆணியை வேரில் புதைக்கச் சொல்லி யாராவது வருவார்கள். அதுவும் வேண்டாம். துருவும் வேருக்குப் பிடிபடாத அதே இரும்புதான்.

அந்த ஒரு குடம் தண்ணீர்

கடிதத்தில் என் கண் நின்ற இடம் இதுதான். ஆர்.ஓ. மாட்ட வந்தவர் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்பின் அளவு) லிட்டருக்கு 1,800 மில்லிகிராம் என்று அளந்து சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். மண்ணியல் கணக்கில் மாற்றினால் மின்கடத்துத் திறன் (உப்பு கூடினால் இதுவும் கூடும்) மீட்டருக்கு 2.8 டெசிசீமன்ஸ் அளவில் வரும். 2.25-ஐத் தாண்டினாலே பாசனத்துக்கு மிக அதிக உவர்நீர் என்று வகைப்படுத்துவார்கள். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை, பிரித்து ஒதுக்குகிறது. மூன்று லிட்டர் உள்ளே போய் ஒரு லிட்டர் குடிநீராக வந்தால், அந்த மூன்று லிட்டரின் உப்பு ஏறக்குறைய முழுவதும் மீதி இரண்டு லிட்டரில் சேர்கிறது. 1,800 என்பது 2,600-ஐத் தாண்டிவிடும். போர்வெல் தண்ணீரை அப்படியே ஊற்றியிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் வந்திருக்காது.

தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் மனசு எனக்குப் புரிகிறது. குடம் தண்ணீருக்கு வண்டியை எதிர்பார்த்து நின்ற ஊர்க்காரர்களுக்கு அது ரத்தத்திலேயே இருக்கும். அந்தத் தண்ணீரைத் தரை துடைக்கவும் கழிவறைக்கும் வைத்துக்கொள்ளுங்கள். செடிக்கு வேண்டாம். அப்புறம், மீன் கழுவிய தண்ணீரை ஊற்றலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். பச்சை மீன் என்றால் எப்போதாவது ஊற்றலாம். கருவாடு ஊறவைத்த தண்ணீர் கூடவே கூடாது.

பிறகு எதை ஊற்றுவது? மழைத் தண்ணீரைத்தான். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கினார்கள். உங்கள் வீட்டிலும் மாடியிலிருந்து குழாய் இறங்கிக் குழிக்குள் போகும் என்று நினைக்கிறேன். அந்தக் குழாயில் ஒரு கிளை பிரித்து 1,000 லிட்டர் தொட்டி ஒன்றில் விடுங்கள். ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 500 சதுர அடி மாடி என்றால் 46 சதுர மீட்டர். 25 மி.மீ. பெய்கிற ஒரே மழையில் தொட்டி நிறைந்து வழியும். மூன்று தொட்டிச் செடிகளுக்கு (இருக்கும் இரண்டும், பின்னால் சொல்லப்போகும் பதியம் ஒன்றும்) ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு லிட்டர் வீதம் ஊற்றினால் மாதம் 90 லிட்டர் செலவாகும். வெயில் காலத்தில் தினமும் ஊற்றினாலும் ஐப்பசியில் நிரப்பியது அடுத்த ஆடி வரை வரும்.

இரண்டு எச்சரிக்கை. முதல் மழையைத் தொட்டியில் விடாதீர்கள், மாடியில் காற்று கொண்டுவந்து படியவைத்த உப்பும் புழுதியும் அதில் வரும். வெயிலுக்காக மாடியில் சுண்ணாம்பு அடித்திருந்தால் இன்னும் சில மழையை விட்டுவிட்டுப் பிடியுங்கள். தொட்டிக்கு இறுக்கமான மூடி வேண்டும், டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். மழை வரும்வரை ஏ.சி. வடிநீர் இருந்தால் பிடித்து ஊற்றுங்கள், அதில் உப்பே கிடையாது. ஏ.சி. இல்லையென்றால் ஆர்.ஓ.வின் குடிநீர்ப் பக்கத்திலிருந்தே தினம் இரண்டு லிட்டர் கொடுங்கள். இரண்டு செடிக்குத்தானே, குறுகிய காலத்துக்குத்தானே.

நிழல் எங்கிருந்து வருகிறது

இப்போது பூவரசுக்கு வருவோம். உங்கள் ஊர் ஏறக்குறைய 9 டிகிரி 15 நிமிட வடக்கு அட்சத்தில் இருக்கிறது. சித்திரை பிறக்கும்போது நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அதன்பின் ஆவணி நடுவரை உச்சி வெயில் வடக்குப் பக்கமாகச் சாய்ந்து விழும். அந்த மாதங்களில் உங்கள் வடக்கு முற்றத்துக்கு வெயில் குறைவே இல்லை. ஆவணி தாண்டினால் சூரியன் தெற்கே போகிறது, வீட்டு நிழல் வடக்கே நீள்கிறது. மார்கழி நண்பகலில் 12 அடி உயரமுள்ள வீட்டின் நிழல் வடக்கே 8 அடி தூரம் விழும். நீங்கள் செடியை வைத்திருப்பது சுவரிலிருந்து இரண்டடியில். மழைக்காலத்தில் அதற்கு வெயில் மறைத்தது உங்கள் வீடுதான். பூவரசை வேரோடு பெயர்த்தாலும் அந்த நிழல் அங்கேயே இருந்திருக்கும்.

வெட்சி முழு வெயிலில் நிறையப் பூக்கும் என்பது உண்மை. ஆனால் கோடையில் மதிய வெயில் உங்கள் ஊரில் இலையைச் சுடும். காலையில் நான்கு மணி நேரம் நேர்வெயில், மதியத்துக்கு மேல் சல்லடை நிழல் என்றால் அதற்கு அது நல்ல இடம். மேற்கே பூவரசு நிற்பதால் அது உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது. போதாததற்கு, ஆனி ஆடியில் தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று உப்பை அள்ளிக்கொண்டு வரும்போது வீட்டுச் சுவரும் அந்த மரமும்தான் முன்னால் நின்று தாங்குகின்றன. பூவரசு கடலோரத்துக்கென்றே பிறந்த மரம், உவரைத் தாங்கும். வெட்டிய மறுவருடம் அதன் அருமை உங்கள் துணிக்கொடியிலேயே தெரியும். கிளை தாழ்ந்து இருட்டாக இருக்கிறதென்றால், ஆறடிக்குக் கீழே உள்ள கொம்புகளை மட்டும் மழைக்கு முன் கழித்துவிடச் சொல்லுங்கள். கணவரின் கை அரிப்பும் தீரும், மரமும் நிற்கும்.

சுவரோரத்தில் இன்னொரு சங்கடமும் உண்டு. வீடு கட்டியபோது விழுந்த சிமெண்டும் பூச்சுச் சில்லும் அங்கேதான் புதைந்திருக்கும். ஒரு மண்வெட்டி ஆழம் தோண்டிப் பாருங்கள்.

இனிச் செய்ய வேண்டியது

செடிகளைத் தரையிலிருந்து எடுத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். தரையிலேயே குழி வெட்டி மண் மாற்றுவது இரண்டாவது வழி. ஆனால் சுற்றியுள்ள சுண்ணாம்பும் உவரும் ஓரிரு வருடத்தில் உள்ளே கசிந்துவிடும், பூவரசின் வேரும் வந்து பங்கு கேட்கும். அதனால் தொட்டியே நல்லது. 14 அங்குல மண் தொட்டி அல்லது பிளாஸ்டிக் தொட்டி எடுங்கள். புது சிமெண்ட் தொட்டி வேண்டாம், அதிலிருந்தே சுண்ணாம்பு கசியும்.

மண்ணுக்குச் சிவகங்கை, காரைக்குடிப் பக்கத்துச் செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய இலை உரம் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. செம்மண் வந்ததும் அதே வினிகர்ச் சோதனை செய்துவிட்டே இறக்குங்கள். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசிப் பிழியுங்கள். உப்பங்கழியில் ஊறிய மட்டையிலிருந்து வந்திருந்தால் அதிலும் உப்பு இருக்கும். கடல் மணல் ஒரு பிடிகூடச் சேர்க்காதீர்கள்.

முதலில் தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அடிவரை பழுப்பாக இருந்தால் அந்தச் செடிக்கு நான் நம்பிக்கை கொடுக்க முடியாது. ஐப்பசியில் முதல் நல்ல மழை பெய்த பின், ஒரு மாலையில் மாற்றுங்கள். வேரைச் சுற்றி உதிரும் பழைய மண்ணை உதறிவிட்டு, வேர்க்கட்டை மட்டும் கலைக்காமல் வையுங்கள். ஒரு வாரம் முழு நிழல், பிறகு சுவரிலிருந்து எட்டடிக்கு அப்பால், காலை வெயில் படும் இடம். அதே மழைக்காலத்தில், பிழைத்த செடியின் தாழ்ந்த கொம்பு ஒன்றை வளைத்துப் பக்கத்துத் தொட்டியில் பதியம் போட்டுவிடுங்கள். வேர்விட இரண்டு மாதம் ஆகலாம். அம்மா வீட்டுச் செடி ஒரே தொட்டியில் மட்டும் இருக்கக் கூடாது. நாகர்கோவிலில் உறவினர் யாராவது இருந்தால் ஒரு கன்றை அவர்களிடமும் கொடுத்து வையுங்கள்.

மஞ்சள் தளிருக்கு உடனடி மருந்து அன்னபேதி உப்பு. உரக்கடையில் ஃபெரஸ் சல்பேட் என்று கேளுங்கள். ஒரு லிட்டர் ஆர்.ஓ. குடிநீரில் ஒரு கிராம் எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலம்) கரைத்து, அதன்பின் 5 கிராம் அன்னபேதியைக் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் தளிர் நனையத் தெளியுங்கள். 15 நாள் இடைவெளியில் மூன்று முறை போதும். அன்றன்று கரைத்ததை அன்றே பயன்படுத்துங்கள். துணியிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது. பேரக் குழந்தைகள் வருவார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள், பொட்டலத்தை எட்டாத உயரத்தில் வையுங்கள், அது வயிற்றுக்குள் போனால் ஆபத்து. கடையில் இரும்புச் செலேட் (இரும்பைச் செடி எடுக்கிற வடிவத்தில் பிடித்துவைத்திருக்கும் உரம்) கொடுத்தால் வகையைப் பாருங்கள். ஈ.டி.டி.ஏ. (EDTA) வகை உங்கள் ஊர் மண்ணில் நிலைக்காது. ஈ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகை நிலைக்கும், விலை கூடுதல். தொட்டி மண் சரியாக இருந்தால் இரண்டுமே தேவைப்படாது.

பவளக் கல்லைப் பற்றி

இதைக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பவளக் கல் முழுக்கச் சுண்ணாம்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும். 2001-இல் பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். புலிக்கும் யானைக்கும் உள்ள பாதுகாப்பு அதற்கும் உண்டு. செத்துக் கரை ஒதுங்கியதுதானே என்று பொறுக்குவதும் தவறு. உங்கள் ஊருக்கு எதிரே இருக்கும் தீவுகள் மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. ஒரு காலத்தில் உங்கள் பக்கம் வீடு கட்டவும் சுண்ணாம்பு சுடவும் வண்டி வண்டியாகப் பவளத்தை வெட்டினார்கள், அதனால் கடல் அரிப்பு கூடியதைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். தெரியாமல் செய்தீர்கள், பயப்பட வேண்டாம். யாருக்கும் கொடுக்காமல், விற்காமல், வனத்துறை அலுவலகத்தில் விவரத்தைச் சொல்லி அவர்கள் சொல்கிறபடி ஒப்படைத்துவிடுங்கள். பாத்திக்கு ஓரம் வேண்டுமென்றால் உடைந்த ஓடு போதும்.

மற்றவர்கள் சொன்ன யோசனை

ஹைட்ரேஞ்சியா வேண்டாம். அதற்கு மலைக்குளிர் வேண்டும், புளிப்பு மண்ணும் வேண்டும். உங்கள் ஊரில் ஒரு கோடையைத் தாண்டாது. அரளி உவரைத் தாங்கும் என்பதில் பக்கத்து வீட்டார் சொன்னது சரி. ஆனால் அதற்கு முழு வெயில் தேவை, உங்கள் வடக்கு முற்றத்தில் பூ குறையும். இலை, தண்டு, பூ எல்லாமே நஞ்சு. பேரக் குழந்தைகளும் ஆடுமாடுகளும் நடமாடும் இடத்தில் நான் வைக்கமாட்டேன்.

சுவரோரம் காலியாகும் அந்த இடத்துக்கு, எப்போதும் பச்சையாக இருந்து நிறமும் தருகிற புதர் வேண்டுமென்றால் டிசம்பர் பூவைச் சொல்வேன். ஊதா, இளஞ்சிவப்பு, வெள்ளை என்று கிடைக்கும், பாதி நிழலில் பூக்கும், தண்ணீருக்கு அழாது. ஆரஞ்சு நிறத்துக்கு ஹமேலியா நல்லது, சுண்ணாம்பு மண்ணை வெட்சியைவிட நன்றாகத் தாங்கும், தேன்சிட்டும் தேடி வரும். கனகாம்பரம் நிழலுக்கு ஏற்றதுதான், ஆனால் வெட்சியைப் போல அதுவும் இரும்புக்கு ஏங்கும், தொட்டியில் மட்டும் வையுங்கள். தரையில் எதை நடுவதானாலும் முன்பு ஒருமுறை மண்ணையும் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். இராமநாதபுரத்திலேயே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கடலோர உவர் ஆராய்ச்சி மையமும் இருக்கிறது. உங்கள் ஊர் மண்ணை என்னைவிட அருகிலிருந்து பார்த்தவர்கள், அவர்களிடமும் கேளுங்கள்.

தொட்டிக்கு மாற்றியதும் செடி பழைய இலை சிலவற்றை உதிர்க்கும், கலங்காதீர்கள். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது, புதிதாக வரும் மூன்றாவது நான்காவது ஜோடி இலையைத்தான் பார்க்க வேண்டும். அவை முழுப் பச்சையாக விரிந்தால் வேர் பிடித்துவிட்டது. அதற்குள் நுனியில் சின்னதாகச் சிவப்பு மொட்டுக் கொத்து தலைகாட்டும். மனசு வராது, இருந்தாலும் முதல் ஐந்தாறு மாதம் அதைக் கிள்ளிவிடுங்கள். சித்திரையில் வரும் கொத்தை விட்டுவையுங்கள்.